சுவர் குடித்த தண்ணீர்

அத்தியாயம் 17

“ரெண்டரை டிகிரி” என்றார் ஆய்வாளர் அம்மா.

குச்சி எட்டி மீட்டரைப் பார்த்தாள். ஆறு வரவேண்டிய இடத்தில் இரண்டரை.

போன வாரம் நாம் பிரியும்போது அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தாள். “சாம்பலை அள்ளிச் சுவத்துல அப்பிட்டு, அதுக்குப் பேரு ஆராய்ச்சியாம்” என்று மாமா சிரித்ததும், “நாளைக்கு மூணு மணிக்கு மீட்டர் பேசும் மாமா, அதுவரைக்கும் நீங்க பேசாதீங்க” என்று அவள் வெடித்ததும் மறந்திருக்காது. அந்த மூன்று மணி வந்துவிட்டது. மீட்டரும் பேசிவிட்டது. மாமாவின் கட்சியில் சேர்ந்துகொண்டு பேசிவிட்டது.

இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. தொழிலாளர்களுக்காக வீட்டு வாரியத்தின் நூற்றியிருபது வீடுகள் எழும்பப் போகும் மனை இது. அதன் ஓரத்தில் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இரண்டு சோதனை அறைகள். ஒன்றின் மேற்குச் சுவர் வெறும் செங்கல். இன்னொன்றின் மேற்குச் சுவரில், செங்கலுக்கு உட்பக்கமாக, குச்சி வேலை பார்க்கும் கம்பெனியின் வெப்பத்தடுப்புப் பலகைகள் இருபது, அவற்றுக்கு மேல் மெல்லிய பூச்சு.

நெல் உமியை எரித்த சாம்பலிலிருந்து சிலிக்காவைப் பிரித்து, கூழாக்கி, கூழிலிருந்து ஈரத்தை மட்டும் நோகாமல் உருவியெடுத்தால் மிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காற்று. கண்ணுக்குத் தெரியாத துளைகளில் அகப்பட்டு நகர முடியாமல் கிடக்கிற காற்று. நகராத காற்று சூட்டைக் கடத்தாது. அதைப் பலகையாக்கிச் சுவருக்குப் போர்த்திவிட்டால், வெளியே வெயில் எவ்வளவு ஆடினாலும் உள்ளே ஏசி கேட்காது. ஆலைக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாமல் குவிந்து கிடக்கிற சாம்பல் இது.

இரண்டு சுவர்களின் உள்முகத்துக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் இருந்தால் பலகை தேறும். நூற்றியிருபது வீட்டுக்கும் அதுதான். தேறாவிட்டால் மாமா விற்கிற பிளாஸ்டிக் நுரைத் தகடு. அந்த வீடுகளில் ஒன்று குச்சியின் குடும்பத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். போன கோடையில் தகரக் கூரைக்குக் கீழே அவள் அம்மா சுருண்டு விழுந்து, கண் திறக்க ஒன்றரை நாள் ஆனது. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் செய்தது ஆராய்ச்சி. குச்சி செய்தது வெயில்மேல் பழிவாங்கல்.

தீக்குச்சி என்று வீட்டில் வைத்த பேர்தான் தேய்ந்து குச்சியாகிவிட்டது. உடம்பும் அப்படி, குணமும் அப்படி.

“இன்னொரு தடவை வச்சுப் பாருங்க மேடம்.”

“மூணு தடவை வச்சாச்சும்மா. அந்தச் சுவர் நாப்பத்தொண்ணு. உன் சுவர் முப்பத்தெட்டரை.”

“ஆய்வுக்கூடத்துல எட்டு டிகிரி வந்துச்சு மேடம்!”

“ஆய்வுக்கூடத்துல யாரும் குடியிருக்கப் போறதில்லையே.”

டீ கிளாஸை ஊதிக்கொண்டே மாமா பக்கத்தில் வந்து நின்றார். குச்சியுடைய அம்மாவின் தம்பி. ஊரில் அவருக்கு நுரை மாமா என்றே பெயர். “விடு மருமகளே. பரீட்சைன்னா பாஸும் உண்டு, ஃபெயிலும் உண்டு. என் தகடு ஆறேகால்ல பாஸ் பண்ணுச்சு. நான் என்ன துள்ளிக் குதிச்சேனா?”

“ஊரெல்லாம் ஸ்வீட் குடுத்தீங்க.”

“அது சந்தோஷம். துள்ளல் வேற.”

“உங்க தகடு ஒரு சிகரெட் நெருப்புக்குப் பொசுங்கும் மாமா. கரும்புகை வீட்டுக்குள்ளயே நிக்கும்.”

“சிகரெட் பிடிக்காதீங்கன்னு சுவத்துல எழுதி வச்சுட்டாப் போச்சு.”

ஆய்வாளர் அம்மா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு இருபது. அஞ்சு மணிக்குப் படிவத்தை மூடணும். தேறலைன்னு ஒரு தடவை எழுதிட்டா நானே நினைச்சாலும் மாத்த முடியாது. காரணம் இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லைன்னா என்மேல கோவிச்சுக்காதே.”

குச்சி தன் பலகை இருக்கும் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் மனை முழுக்கக் கேட்டது.

மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. சுடக்கூடாது. இந்தச் சுவர் நிழலில் வைத்த பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும். எட்டு மாதம் அவள் அந்தப் பலகையோடுதான் தூங்கி எழுந்தாள். எங்கே தப்பு? சாம்பலிலா, கூழிலா, உலர்த்தியதிலா? பதில் சொல்லாத சுவரை அவள் கையால் ஓங்கி அடித்தாள்.

“அதை ஏண்டி அடிக்கறே? அது உன்னை என்ன பண்ணுச்சு?”

அம்மா. ஒரு கையில் தண்ணீர்க் குழாய், இன்னொரு கையில் செருப்பு. முதல் வரிசை வீடுகளின் புது அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் கதவுச் சத்தத்துக்கு ஓடி வந்திருக்கிறாள்.

“என் மானத்தை வாங்கிடுச்சும்மா.”

“மானத்தைக் கொண்டுபோய்ச் சுவத்துக்கிட்ட குடுத்து வச்சா?” அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “ஆமா, கொதிக்குது. தள்ளு, நாலு அடி தண்ணி அடிச்சா ஆறிடும்.”

“அம்மா, வேணாம்! சோதனைச் சுவர்!”

கேட்டால்தானே. கட்டை விரலால் குழாய் வாயை அமுக்கி, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, ஒரு விரல்கடை விடாமல் அடித்து முடித்துவிட்டாள். இருபது வருஷப் பழக்கம். சுவர் ஒரே கறுப்பாக நனைந்து நின்றது. குச்சிக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மீட்டர் வைத்து முடித்த சுவர்தானே, எக்கேடு கெட்டால் என்ன என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

“ஏண்டி” என்றாள் அம்மா. குரலில் வழக்கமான சலிப்பு இல்லை. “இந்தச் சுவர் ஏன் கட்டம் போட்டுக் காயுது?”

குச்சி தலையைத் தூக்கினாள்.

ஈரக் கறுப்புக்கு நடுவே வெளுத்த கோடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து நாலு. படுத்து மூன்று. அடிக்கோல் வைத்து இழுத்தது போல, கணக்கு நோட்டின் கட்டங்கள் போல. கட்டத்துக்குள்ளே ஈரம் அப்படியே இருந்தது. கோடுகள் மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு உலர்ந்தன.

“ஒரே மாதிரி கட்டின சுவர் ஒரே மாதிரிதான் காயும்” என்றாள் அம்மா. “இதுக்குள்ள ரெண்டு சாமான் இருக்கு.”

சூடு அதிகம் உள்ள இடம் முதலில் காயும். கட்டம் ஒவ்வொன்றும் இரண்டடிக்கு இரண்டடி. பலகையின் அளவு. ஆக, பலகை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் வேறு எதுவோ உட்கார்ந்துகொண்டு செங்கலின் சூட்டை நேராக உள்ளே கொண்டு வந்து கொட்டுகிறது.

“அம்மா. இந்தச் சுவருக்குக் கையாள் யாரு?”

“நான்தான். நீதான் அந்த ரெண்டு நாளும் ஆய்வுக்கூடத்துலயே கிடந்தியே.”

“பலகை ஒட்டறப்ப அப்பா சிமெண்ட் கலவை கேட்டாரா?”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். “பசையை அவரே குழைச்சுக்கிட்டாரு. கலவை... எட்டு சட்டி.”

“எதுக்குன்னு நீ கேக்கலையா?”

“மேஸ்திரி கலவை கேட்டா சித்தாள் எதுக்குன்னு கேப்பாளா? அதுவும் புருஷனே மேஸ்திரின்னா?”

குச்சி வெளியே போய், முதல் வரிசை அஸ்திவாரத்தில் பதினொரு ஆட்களோடு குனிந்திருந்தவரைப் பார்த்துக் கத்தினாள்.

“மேஸ்திரி!”

வீட்டில் அப்பா, மனையில் மேஸ்திரி. கோபம் வந்தால் எங்கேயும் மேஸ்திரி. அந்தக் கூப்பாட்டிலேயே அவருக்கு விஷயம் ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும். கரண்டியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தார். ஆய்வாளர் அம்மாவும் வந்தார். வேடிக்கை என்றால் வீட்டைக் கூடப் பூட்டாமல் ஓடி வருகிற மாமாவும் வந்தார்.

அப்பா சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“எவ்வளவு நேரா இருக்கு பாத்தியா! தூக்குக்குண்டு விட்ட மாதிரி.”

“கலவை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“வேணாம்னு சொன்னேனே!”

“சொன்னே.”

“இடுக்குல டேப் ஒட்டுங்கன்னு சொன்னேனே!”

“அதையும் ஒட்டினேன். கலவைக்கு மேல. ரெண்டும் இருந்தா இன்னும் பலம்தானே?”

மாமாவுக்கு டீ புரையேறியது. குச்சிக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். அந்த வித்தை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்தது.

“போர்வையை நாலு பக்கமும் கிழிச்சு, கிழிசல்ல பழுக்கக் காஞ்ச கம்பியைச் செருகித் தச்ச மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க! கலவை கல்லு மாதிரிப்பா. வெளிச் சூடு அது வழியா நேரா நடந்து உள்ள வருது. இருபது பலகையும் சும்மா நின்னு வேடிக்கை பாக்குது!”

“அப்ப கட்டினதுல தப்பு” என்றார் ஆய்வாளர் அம்மா. படிவத்தைத் திறந்தார். “நான் எழுத ரெண்டு கட்டம் இருக்கு. பொருள் குறைபாடு, வேலைக் குறைபாடு. பொருள்னு எழுதினா பலகை இன்னிக்கே போச்சு. வேலைன்னு எழுதினா, சரி பண்ணிட்டு நாளைக்கு இன்னொரு தடவை மீட்டர் வைக்கலாம். ஆனா கட்டினவர் பேரு அங்கீகாரப் பட்டியல்லேர்ந்து போயிடும். இந்த மனையில அவரும் அவர் ஆளுங்களும் அப்புறம் கரண்டி தொட முடியாது.”

வெளியே பதினொரு பேரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். சுத்தியல் சத்தம்கூட இல்லை.

“சொல்லு மருமகளே” என்றார் மாமா. “அப்பன் தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை. உன் பலகை பிழைச்சுக்கும்.”

அவள் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில்தான் மாமா அதைச் சொன்னார். ஆனால் உள்ளதை மறைப்பானேன்? குச்சி சொல்லத்தான் வாயெடுத்தாள். தெளிவாகச் சொன்னாளா, சொன்னாள். கேட்டாரா, கேட்கவில்லை. அப்பாவாக இருந்தால் என்ன?

“வேலைதான் மேடம் தப்பு. நான் அவர்கிட்ட தெளிவா...”

“படத்தைப் பாரு” என்றார் அப்பா.

குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதத்தை எடுத்து விரித்தார். குச்சி வரைந்து, கம்பெனி முத்திரை குத்திக் கொடுத்த வரைபடம். சிமெண்ட் விரல் ஓரிடத்தில் போய் நின்றது.

“இந்தப் பலகைக்கும் இந்தப் பலகைக்கும் நடுவுல எத்தனை கோடு?”

குச்சி பார்த்தாள். “ரெண்டு.”

“செங்கல்லுக்கு நடுவுல ரெண்டு கோடு போட்டா என்ன அர்த்தம்?”

அவள் மனைகளில் மணல் மேட்டில் தூங்கி வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே அதைப் படித்தவள். “கலவை.”

“ஒத்தைக் கோடு போட்டா?”

“ஒட்டி வை.”

“நீ எத்தனை போட்டே?”

டேப் மடிந்து இறங்க ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடம் வேண்டும். அதைத் துல்லியமாகக் காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரில் இரண்டு கோடு போட்டாள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வெள்ளை. கல்லூரியில் அதற்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

“ஒரு நூல்ல கலவை நிக்காது, உதிர்ந்துடும்” என்றார் அப்பா. “அதனால நாலு நூலாக்கினேன். அது ஒண்ணுதான் என் சொந்த புத்தி. மத்ததெல்லாம் நீ போட்டது.”

“வாயால சொன்னேனேப்பா!”

“சைட்ல வாய்ப்பேச்சு செல்லாது. காலைல வர்ற இன்ஜினியர் ஒண்ணு சொல்லுவான், சாயங்காலம் வர்றவன் இன்னொண்ணு சொல்லுவான். நாளைக்குச் சுவர் விரிசல் விட்டா ஒருத்தனும் நான் சொன்னேன்னு வந்து நிக்க மாட்டான். முப்பது வருஷமா நான் படத்தைத்தான் கட்டறேன். சொன்னது பொண்ணா இருந்தாலும் படம் படம்தான். சின்னவ, அவசரத்துல மாத்திச் சொல்றான்னு நினைச்சேன்.”

ஆய்வாளர் அம்மா வரைபடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓரத்துல குறிப்பு ஒண்ணுகூட இல்லையே. ‘கலவை கூடாது’ன்னு ரெண்டு வார்த்தை எழுதியிருக்கலாமே. எல்லாரும் எழுதுவாங்களே. நீ ஏன்மா எழுதல?”

குச்சி படத்தின் வெற்று ஓரத்தைப் பார்த்தாள்.

எழுத நினைத்தாள். எழுதி யாருக்கு என்று விட்டுவிட்டாள். வாயால் சொன்னால் போதும், அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தாள். அதைப் பாசம் என்றுதான் இதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கிய ஒரே வருஷத்தில் அந்தப் பாசத்துக்குள்ளே இவ்வளவு திமிர் வந்து குடியேறியிருந்தது அவளுக்கே தெரியாது.

“எனக்கு எழுத்து வராது மேடம்” என்றார் அப்பா, அவளுக்குப் பதிலாக. “அது அவளுக்குத் தெரியும். அதான் எழுதல. ஆனா கோடு வரும். எனக்குக் கோடு நல்லா வரும்.”

முப்பது வருஷமாக எத்தனையோ பேருக்கு முன்னால், காகிதத்தை நேராகப் பிடித்து, ஓரத்துக் குறிப்பை வாசிப்பது போலக் கண்ணை ஓட்டி, தலையாட்டிச் சமாளித்து வந்த மனிதர். மச்சினனுக்கு முன்னால், தன் ஆட்களுக்குக் காதில் விழும்படி, அதைப் போட்டு உடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“மேடம், உங்களுக்கு ரெண்டு கட்டம்னு சொன்னீங்க. வரையறவங்களுக்கு ஒரு கட்டம் இருக்கணுமே?”

“இருக்கு. வரைபடக் குறைபாடு. அதை வரைஞ்சவங்கதான் நிரப்பணும்.” ஆய்வாளர் அம்மா லேசாகச் சிரித்தார். “அதனால என் சர்வீஸ்ல அது நிரம்பினதே இல்ல.”

“குடுங்க.”

“யோசிச்சுக்கோ. கம்பெனி முத்திரை போட்ட படம். உன் மேலாளர் சும்மா இருக்க மாட்டார்.”

“பலகை தப்பில்ல. மேஸ்திரி தப்பில்ல. படம் தப்பு. தப்புப் பண்ணினவ கையெழுத்துப் போடாம, பண்ணாதவங்க தலையிலயா கட்டறது? அது வழக்கமா நடக்கறதுதான் மேடம். இன்னிக்கு நடக்காது.”

எழுதினாள். காகிதம் கிழியாத குறையாக அழுத்தி எழுதினாள். எழுதியதை, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

“நாளைக்கு மூணு மணி. அதுதான் கடைசி” என்றார் ஆய்வாளர் அம்மா. “சுவர் காஞ்சு இருக்கணும். ஈரச் சுவத்துல நான் மீட்டர் வைக்கறதில்ல. அது குளிர்ச்சின்னு பொய் சொல்லும்.”

அவர் படிவத்தை மூடுவதற்குள் மாமா போனை நீட்டி அதைப் படம் பிடித்துக்கொண்டார். “ஞாபகத்துக்கு” என்றார். யாரும் கேட்காமலே.

அவர்கள் போனதும் அறையில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

“உளியை எடுங்கப்பா. பூச்சை உரிச்சுட்டு, கலவையை மட்டும் கொத்தி எடுக்கணும். பலகை அப்பளம் மாதிரி நொறுங்கும். உங்க கைதான் தாங்கும்.”

“மாட்டேன்.”

“என்னது?”

“படத்துல இன்னும் ரெண்டு கோடுதான் இருக்கு. படத்தை மாத்து.”

“அப்பா, நேரம் இல்லப்பா!”

“அன்னிக்கும் நேரம் இல்லாமத்தான் வாயால சொன்னே.”

அம்மா சட்டியைத் தரையில் தொப்பென்று போட்டாள். “உங்க ரெண்டு பேரையும் ஒரே சட்டியில போட்டுக் குழைச்சாலும் ஒட்டாது.”

குச்சி சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பென்சிலால் புதிதாக வரைந்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒற்றைக் கோடு. டேப் இறங்கும் இடத்தைத் தனியாக, பெரிதாக, பக்கத்தில் ஒரு படம். கரண்டியின் உருவம் ஒன்று வரைந்து அதன் குறுக்கே ஒரு அடி அடித்தாள். அதற்குக் கீழே “கலவை கூடாது” என்று எழுதவும் செய்தாள். அப்பா அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி பார்த்தார்.

“இந்த இடத்துல கோடு நடுங்குது.”

“கோவத்துல போட்டது.”

“கோவத்தைக் கோட்டுல காட்டாதே. கட்டறவன் அதையும் சேத்துக் கட்டிடுவான்.” காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். உளியை எடுத்தார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மெல்லிய பூச்சை உள்ளே பதித்த வலையோடு சேர்த்து ஓரத்திலிருந்து உரித்தார். பிறகு கலவையின் நடுவில் மட்டும் உளியை நிறுத்தி, சுத்தியலைத் தூக்காமல் மணிக்கட்டால் தட்டினார். கலவை துண்டு துண்டாக விழுந்தது. பக்கத்துப் பலகையில் ஒரு கீறல் இல்லை. அம்மா சட்டியில் அள்ளினாள். மிச்சப் பலகையிலிருந்து நாலு நூல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்து, காலியான இடுக்கில் செருகி, மேலே டேப் ஒட்டிக்கொண்டே வந்தாள் குச்சி. நிமிர்ந்த கோடு நாலும் முடிந்தது. படுத்த கோட்டில் ஒன்று முடிந்தது. வெயில் வாசல் வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. வெளியே பதினொரு பேரும் வேலை முடிந்தும் கலையவில்லை.

போன் அடித்தது. இரண்டு கையிலும் பசை. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?” மேலாளர்.

“மாமா அனுப்பிட்டாரா?” என்றாள் அவள் அம்மாவிடம்.

“என் தம்பிதானே. நாளைக்கு வரட்டும், அவனுக்கும் தண்ணி அடிக்கறேன்” என்று முணுமுணுத்தாள் அம்மா.

“உன்னைத்தான் கேக்கறேன்! யாரைக் கேட்டுப் போட்டே?”

“என் கையைக் கேட்டு சார்.”

“நக்கலா? நம்ம படம் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா நாளைக்கு எந்த ஆபீஸ் கட்டடக்காரன் நம்மகிட்ட பலகை வாங்குவான்? இந்த லைன் வீட்டுக்கெல்லாம் இந்தப் பலகை வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். காலைல முதல் வேலையா அதை வாபஸ் வாங்கு. மேஸ்திரி வேலை சரியில்லன்னு எழுது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆளுக்காக...”

“அந்த ஆளு என் அப்பா சார்.”

“ஓகோ. அதுதான் விஷயமா?”

“இல்ல சார். வேற யாரா இருந்தாலும் படம் தப்புதான்.”

“அப்ப இதையும் கேட்டுக்கோ. அந்த இருபது பலகையும் கம்பெனி சொத்து. காலைல பத்து மணிக்கு வண்டியோட வரேன். கழட்டி ஏத்திட்டுப் போயிடுவேன். உன் அடையாள அட்டையையும் அதே வண்டியில போட்டுடு.”

“மூணு மணிக்கு மேல வாங்க சார். அட்டை தரேன்.”

போன் அணைந்தது. உளிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

“என் பேரை எழுதிடு” என்றார் அப்பா. “எனக்கு வேற மனை கிடைக்கும்.”

“அந்தப் பதினொரு பேருக்கும் கிடைக்குமா?”

அவர் வாசலைப் பார்த்தார்.

“மாட்டேன்பா. அவர் வண்டி கொண்டு வரட்டும், கப்பல் கொண்டு வரட்டும்.”

“இந்தப் பிடிவாதம் யாருகிட்டேர்ந்து வந்துச்சு?” என்றார் அப்பா.

“என்னைப் பாக்காதீங்க” என்றாள் அம்மா.

அப்பா மிச்சமிருந்த இரண்டு கோட்டையும் கொத்தி எடுத்தார். குச்சி கடைசிப் பட்டையைச் செருகினாள். பூச்சில்லாமல், சாம்பல் நிறத்தில், வெறும் பலகையாக நின்றது சுவர். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பலகையை விரலால் தட்டினார்.

“இது யாரோடது?”

“கம்பெனியோடதுப்பா. அதான் சொன்னாரே.”

“செங்கல்?”

“வீட்டு வாரியத்தோடது.”

“இப்ப இதை ஒரு ஆளு வந்து கழட்டிடலாம். பூச்சு ஏறிட்டா?”

குச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “சுவர்.”

“வாரியத்துச் சுவர். அதை உடைக்கணும்னா அந்த மேடம் கையெழுத்து வேணும். சோதனை முடியாம அவங்க போடுவாங்களா?”

“ஜென்மத்துக்கும் போட மாட்டாங்க” என்றாள் குச்சி. மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா கரண்டியைக் கையில் எடுத்து, மனைவியைப் பார்த்தார். “கலவை போடு.”

அம்மா மண்வெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

“பூசிடலாம். ஆனா ஈரச் சுவத்துல மீட்டர் வைக்க மாட்டேன்னு அந்தம்மா சொல்லிட்டுத்தானே போனாங்க? இந்தப் பூச்சு நாளைக்கு மூணு மணிக்குள்ள எப்படிக் காயும்?”

அப்பா கரண்டியைப் பார்த்தார். சுவரை ஈரமாக வைத்துக்கொள்ள ஆயிரம் வழி தெரிந்த குடும்பம் அது. சீக்கிரம் காய வைக்க ஒரு வழியும் தெரியாது.

“பூசுங்கப்பா” என்றாள் குச்சி. “காய வைக்கறதை நான் பாத்துக்கறேன்.”

“எப்படிடீ?” என்றாள் அம்மா.

“தெரியல. நீ முதல்ல கலவையைப் போடு.”